வட்டத்துக்கு நடுவில் நின்றவன்

எனக்கு இப்போது குரல் கிடையாது. போன ஆகஸ்டில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று உண்டாம். வேண்டாம் என்றுவிட்டேன். வாய் இருந்திருந்தால் சில பேரை நிற்க வைத்துத் திட்டித் தீர்த்திருப்பேன். முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். சிலேட்டில் இடம் போதாது.

பெயர் பிரான்சிஸ். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவன். கார்டு வேலையில் கொடியும் விசிலும் போதும், குரல் தேவையில்லை. குரலைக் கோயிலுக்குத்தான் வைத்திருந்தேன். ஞாயிறு பூசையில் நான் பாட்டை எடுத்தால் வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நிற்பவன்கூடப் பேச்சை நிறுத்துவான். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். போனதைத்தானே பீற்றிக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் உலகத் தோழமைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் ஆரம்பித்து ஏகப்பட்ட நாடுகளில் கிளை வைத்திருக்கிற சங்கம். நாங்கள் கிளப் என்போம். கண் முகாம், ரத்த தானம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு என்று நல்லதும் செய்வார்கள், பொய் சொல்லக் கூடாது. மாதம் இரண்டு ஞாயிறு பகலில் ஓட்டல் ஹாலில் கூட்டம். ஆரம்பிக்கும்போது ஒரு பாட்டு, முடிக்கும்போது ஒரு பாட்டு. முடிவுப் பாட்டுதான் முக்கியம். எந்த நாட்டுக் கிளைக்குப் போனாலும் அதே மெட்டுதான். அதைப் பாடும்போது எல்லோரும் வட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று சரணம், நாலு நிமிஷம், கையை விடக் கூடாது. பாட்டுத் தலைவர் மட்டும் வட்டத்துக்கு நடுவில் நின்று மைக்கில் பாடிக் கொடுப்பார். கடைசியில் அவர் ‘தோழமை’ என்று குரல் கொடுக்க, எல்லோரும் கோத்த கையைத் தூக்கி ‘வாழ்க’ என்பார்கள்.

அந்தப் பாட்டுத் தலைவர் நான்தான். ஒன்பது வருஷம்.

என்னைக் கிளப்பில் சேர்த்தவர் நடராசன். வளவனூரில் ரைஸ் மில், கரும்பு, நிலம் என்று வசதியான மனிதர். ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, வீடு தேடி வந்து சேர்த்துக்கொண்டார். எங்கள் கிளையில் காலனிக்காரன் ஒருவன் உறுப்பினர் ஆனது அதுதான் முதல் தடவை. முகையூர் பக்கம் எங்கள் கிராமத்தில் என் அப்பா நடராசன் மாதிரி ஆட்களின் நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர். அவர் மகன் கோட்டுப் போட்டு, கழுத்தில் சங்கத்துப் பட்டை மாட்டி, ஏசி ஹாலில் மைக் பிடித்தால் எப்படி இருக்கும்? தலைகால் புரியவில்லை எனக்கு. சேர்ந்த மாதமே அந்த வெளிநாட்டு மெட்டுக்குத் தமிழில் நானே வார்த்தை போட்டுக் கொடுத்தேன்.

கை கொடு தோழா கை கொடு
கடல்தாண்டி வந்தாலும் கை கொடு

பெரிய கவிதை இல்லை. ஆனால் எல்லோருக்கும் வாயில் நுழைந்தது.

என் மனைவி அமலா அங்கன்வாடியில் முப்பது வருஷம் குழந்தைகளை மேய்த்தவள். யார் எதை ஒளிக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள். நாலைந்து வருஷத்துக்கு முன்பே ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

“ஏங்க, ஜூலைக்கு ஜூலை தலைவர் மாறுறாரு, செகரட்டரி மாறுறாரு. உங்க போஸ்ட் மட்டும் ஏன் மாறவே மாட்டேங்குது?”

“என் கொரலுக்கு எவன்டி இருக்கான் இங்க?”

“ஒரு வருசம் வேற யாருனா கத்திட்டுப் போகட்டுமே. நீங்களும் ஒரு தபா அந்த வட்டத்துல நின்னு பாருங்களேன்.”

“உனக்குப் பொறாம. வேற ஒண்ணுமில்ல” என்றேன். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் அந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. நடுவில் நின்று பாடுகிறவனுக்கு ஒரு கையில் மைக், இன்னொரு கையில் தாளம். என்னைச் சுற்றி முப்பது பேர் சொந்தக்காரர்களைப் போலக் கை கோத்து அசைவார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள். நடராசன் மூன்றாவது சரணத்தில் அழுதேவிடுவார். அந்த வட்டத்தில் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. பாட்டை யார் பார்த்துக்கொள்வது என்று வேறு பெருமை.

அப்புறம் தொண்டை கட்டியது. மூன்று மாதம் கஷாயம் குடித்தேன். பிறகு கட்டி என்றார்கள், பிறகு கேன்சர் என்றார்கள், பிறகு குரல்வளையை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகை அமலாவுக்குத்தான் தெரியும். அழுது முடித்த பிறகு ஒரு கிறுக்குத்தனமான ஆறுதல் வந்தது. இனி நான் பாட முடியாது. அப்படியானால் வட்டத்தில்தானே நிற்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற அன்று காலையில் நடராசன் வந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் தன் காரிலேயே சென்னைக்குக் கூட்டிப்போவதாக ஒற்றைக்காலில் நின்றார். கையில் புது போன்.

“சார், உங்க கொரல் எங்களோடவே இருக்கணும் சார். ஒரு தபா முடிவுப் பாட்ட பாடிக் குடுத்துட்டுப் போங்க. ரெக்கார்டு பண்ணிக்கிறேன்.”

நான் எழுந்து நின்றேன். நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்தேன். அவர் போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அமலா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள்.

“அமலா, அந்த மிக்ஸிய நிறுத்துடி! ரெக்கார்டு ஓடுது!” என்று கத்தினேன்.

மிக்ஸி நின்றது. பாடினேன். தொண்டை கிழிந்தது, ஆனாலும் மூன்று சரணமும் பாடி, ‘தோழமை’யும் சொல்லி முடித்தேன். நடராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொதல்ல கத்துனத வெட்ட மாட்டேன் சார், அதுவும் நீங்கதான்” என்றார். அமலா காபி கொண்டுவந்தாள். “சுகர்மா, காபி தொடுறதில்ல” என்று டிரைவரிடம் காரிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். கிளப்பில் அவர் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கிற காபியை நான் ஒன்பது வருஷமாகப் பார்த்தவன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கிற நிலையிலா இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதும் நடராசன்தான் நின்றார். கழுத்தில் குழாயோடு என்னைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதார். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை நீட்டினேன். மருந்து மயக்கத்தில் எவ்வளவு தூரம் நீட்டினேனோ தெரியாது. அவர் கம்பியை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில் முதல் கூட்டத்துக்குப் போனேன். புதுச் சட்டை, கழுத்து ஓட்டையை மறைக்க ஒரு துண்டு, கக்கத்தில் சிலேட்டு. சால்வை போட்டார்கள், கை தட்டினார்கள். எனக்கு அதிலெல்லாம் மனசே இல்லை. முடிவுப் பாட்டு எப்போது வரும் என்றே உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகளை ஒதுக்கினார்கள். நேராகப் போய் நடராசனுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றேன்.

நடராசன் கர்ச்சீப்பை எடுத்து முகம் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த வருஷத் தலைவர் செல்வகுமார் மைக்கை வாங்கினார்.

“நம்ம பிரான்சிஸ் சாருக்கு ஆபரேஷன் ஆன ஒடம்பு. நம்ம கையிலருந்து அவருக்கு ஏதாவது இன்ஃபெக்‌ஷன் ஆயிடக் கூடாது. அதனால, இனிமே கை கோக்க வேணாம். எல்லாரும் கும்பிட்டுக்கினே பாடலாம். அவருக்காக நாம பண்ற மரியாதையா இருக்கட்டும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நடராசன் ரெக்கார்டு பண்ணியதை ஏற்றிய பென்டிரைவை ஸ்பீக்கரில் செருகினார்கள். “அமலா, அந்த மிக்ஸிய நிறுத்துடி!” என்று நான் கத்தியதும் ஹாலே சிரித்தது. பாசமாகத்தான் சிரித்தார்கள். பிறகு என் குரல் பாட, முப்பது பேரும் கும்பிட்டபடி பாடினார்கள். ஒருவர் கையும் ஒருவர் மேலும் படவில்லை. எனக்காக ஒரு சங்கத்தின் பழக்கத்தையே மாற்றிவிட்டார்களே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மடையன்.

வீட்டுக்கு வந்து அமலாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். மூன்று தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. அவள் படித்துவிட்டுச் சிலேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இன்ஃபெக்‌ஷன் உங்களுக்குத்தான ஆவும்?”

தலையாட்டினேன்.

“அப்ப உங்கள மட்டும் விட்டுட்டு அவங்க ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கினு இருக்கலாமே. எல்லாரும் ஏன் விட்டாங்க?”

நான் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தேன்.

“உங்கள மட்டும் விட்டா அது தெரிஞ்சிடும். அதான் மொத்தத்தையும் நிறுத்திட்டாங்க. ஒம்போது வருசமா மைக்க குடுத்து நடுவுல நிக்க வெச்சாங்களே, அதுவும் அதுக்குத்தான். பாட்டுத் தலைவர் கைய யாரும் புடிக்கத் தேவையில்ல.”

‘வாயை மூடு’ என்று பெரிதாக எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். சுண்ணாம்புக்கட்டி ஒடிந்துவிட்டது. கை குலுக்கவே இல்லையா அவர்கள்? சேர்ந்த அன்று போட்டோவுக்கு வரிசையாகக் குலுக்கினார்களே. அதற்குப் பிறகு எப்போது என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். போட்டோவுக்குக் குலுக்குவது ஒன்று, நாலு நிமிஷம் கோத்துக்கொண்டு நிற்பது ஒன்று. ஆனாலும் அமலாவிடம் தோற்க மனசு வரவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களுக்கும் போனேன். எல்லோரோடும் சேர்ந்து கும்பிட்டேன்.

ஜனவரியில் ஸ்கேன். வெள்ளிக்கிழமை போய் ஆஸ்பத்திரியில் தங்கினோம். இரண்டு நாள் ஊரில் இல்லை என்று கிளப் வாட்ஸப்பில் முன்கூட்டியே போட்டிருந்தேன். சனிக்கிழமை காலை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். திரும்ப வந்திருக்கிறது. இந்த முறை வெட்ட முடியாத இடம். அமலாதான் கேட்டாள், எவ்வளவு நாள் என்று. ஆறு மாதம், தள்ளிப்போனால் எட்டு என்றார். சின்ன வயசு டாக்டர். சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ரயிலில் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குத் திண்டிவனத்தில் இரண்டு ஊர் கிளைக்கும் சேர்த்து ஒரு விசேஷப் பகல் கூட்டம். சிலேட்டை எடுத்தேன். ‘திண்டிவனத்தில் இறங்கட்டுமா? ஒரு தடவை வட்டத்தில் நிக்கணும்.’

“இன்னிக்கா?” என்றாள் அமலா. என் முகத்தைப் பார்த்தாள். “போங்க. உங்களுக்கு மனசு ஆறும்னா போங்க. நான் போயி கஞ்சி வெக்கிறேன். ஜல்தியா வந்துடுங்க.”

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகும்போதே எழுதி வைத்துக்கொண்டேன். ‘டாக்டர் ஆறு மாசம்தான் என்கிறார். இனி இன்ஃபெக்‌ஷனுக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது. இன்று கை கோத்துக்கலாம்.’ எழுத்து குலுங்கிக் குலுங்கிக் கிடந்தது. நடராசன் இதைப் படித்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவு அழுத மனிதர்.

கல்யாண மகாலின் மாடி ஹால். படி ஏறும்போதே உள்ளிருந்து என் குரல் கேட்டது.

“அமலா, அந்த மிக்ஸிய நிறுத்துடி! ரெக்கார்டு ஓடுது!”

திண்டிவனத்துக்காரர்கள் புதிதாகக் கேட்டுக் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு பாட்டு ஆரம்பித்தது. பழைய பழக்கத்தில் என் கால் தாளம் போட்டது. முதல் சரணம் முடிகிற நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

அறுபது பேர். பெரிய வட்டம். அத்தனை பேரும் கை கோத்து நின்றார்கள்.

நடராசனின் ஒரு கை செல்வகுமாரிடம், இன்னொரு கை யாரோ ஒரு திண்டிவனத்துக்காரரிடம். விரலுக்குள் விரல் கோத்துக் கண்ணை மூடி அசைந்துகொண்டிருந்தார். வாய் என்னோடு சேர்ந்து ‘கை கொடு தோழா’ என்று முணுமுணுத்தது. கதவுச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

இரண்டு கையையும் உதறி விடுவித்துக்கொண்டு நெஞ்சுக்கு நேரே கும்பிட்டார். செல்வகுமார் திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் கும்பிட்டார். அப்படியே ஒவ்வொருவராக விட்டார்கள். திண்டிவனத்துக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் விட்டான் என்று அவர்களும் விட்டார்கள். நான் உள்ளே பத்தடி வைப்பதற்குள் அந்த வட்டத்தில் கோத்த கை ஒன்றுகூட இல்லை. என் குரல் மட்டும் மேலே இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருந்தது.

அடப் பாவிகளா என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கழுத்து ஓட்டையில் காற்றுதான் வந்தது.

நடராசனுக்கு முன்னால் போய் நின்றேன். சிலேட்டைக் காட்டினேன். அவர் படித்தார். உதடு கோணியது. கண் நிரம்பி இரண்டு கன்னத்திலும் வழிந்தது. பொய் அழுகை இல்லை, சத்தியமாக இல்லை. நான் வலது கையை நீட்டினேன். மூன்றாவது சரணம் முழுக்க நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் அழுதார். குவித்த கை குவித்தபடியே இருந்தது. நகம் வெளுக்கிற அளவுக்கு ஒன்றோடு ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்த மாதிரி.

‘தோழமை’ என்றது ஸ்பீக்கர். ஒருவரும் ‘வாழ்க’ சொல்லவில்லை.

நான் போய் பென்டிரைவைப் பிடுங்கினேன்.

“சார், அது கிளப்போடது சார்” என்றார் செல்வகுமார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் தோன்றியது.

சிலேட்டைச் சட்டைக் கையால் துடைத்தேன். ‘குரல் என்னுது’ என்று எழுதி மேஜை மேல் நிறுத்திவைத்துவிட்டு இறங்கிவிட்டேன். யாரும் பின்னால் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவந்து விழுப்புரம் பஸ் பிடித்தேன். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் எழுதிக் காட்டச் சிலேட்டு இல்லை. விரலால் அவர் உள்ளங்கையில் ‘விழு’ என்று எழுத ஆரம்பித்தேன். அவர் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார், முழுசாக எழுதி முடிக்கிறவரைக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அமலா கேட்கவே இல்லை. முகத்திலேயே இருந்திருக்கும். நேரே அடுப்படிக்குப் போய், பூண்டு நசுக்குகிற கல்லை எடுத்து, பென்டிரைவைத் தரையில் வைத்து ஓங்கினேன்.

“ஐயோ, வாணாங்க!” என்று பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். கல் அவள் கை முட்டியில் இடித்தது. அவள் விடவில்லை. “அத ஒடச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

நான் திமிறினேன்.

“அந்தப் பாட்டு எனக்கு மசுருக்குச் சமானம். முன்னால ரெண்டு வார்த்த இருக்கில்ல, அது எனக்குச் சொன்னது. என் போன்ல பதினாறு வீடியோ இருக்கு, எல்லாத்துலயும் நீங்க பாடுறீங்க. கோயில்ல பாடுறீங்க, கிளப்புல பாடுறீங்க. எங்கூடப் பேசுனது இது ஒண்ணுதாங்க. வேற எதுலயும் நீங்க எங்கூடப் பேசல.”

கல்லைக் கீழே வைத்தேன்.

நடராசன் இரண்டு முறை போன் செய்தார். குரல் இல்லாதவனுக்குப் போன் எதற்கு? அமலா கட் செய்துவிட்டாள். அவர்களிடம் காப்பி இருக்கும். மறுபடி போட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். நான் வரப்போவதில்லை என்பதால் நிம்மதியாகக் கோத்துக்கொள்வார்கள்.

இப்போது மார்ச். கஞ்சிகூட இறங்கக் கஷ்டப்படுகிறது. கட்டிலை டிவி இருக்கிற அறைக்கு மாற்றிவிட்டோம். தினம் காலையில் அமலா சட்னி அரைத்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டிவிக்குப் பின்னால் பென்டிரைவைச் செருகுகிறாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வைக்கிறாள்.

“அமலா, அந்த மிக்ஸிய நிறுத்துடி! ரெக்கார்டு ஓடுது!”

பாட்டு ஆரம்பிப்பதற்குள் ரிமோட்டை அழுத்திவிடுகிறாள். கட்டில் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை. டிவியைப் பார்த்தே பதில் சொல்கிறாள்.

“நிறுத்திட்டேங்க.”